நான்கு பக்க அளவும் போதாத நிலம்

எல்லாப் பக்கங்களும் எல்லாக் கோணங்களும் சமமாக அமைந்த பலகோணமே ஒழுங்கு பலகோணம் எனப்படும். இவ்விரண்டில் ஒன்று தவறினாலும் அது ஒழுங்கற்றதாகிவிடும். இந்த வரையறை மிகக் கண்டிப்பானது. கோணங்கள் சமமாக இருந்தும் பக்கங்கள் வேறுபடும் செவ்வகமும், பக்கங்கள் சமமாக இருந்தும் கோணங்கள் வேறுபடும் சாய்சதுரமும் இதன்படி ஒழுங்கற்றவையே. நாற்கரங்களில் சதுரம் மட்டுமே தேறுகிறது.

சதுரத்தின் ஒரு பக்கம் தெரிந்துவிட்டால் சுற்றளவு, பரப்பளவு, மூலைவிட்டம் அனைத்தையும் கணக்கிட்டுவிடலாம். ஒழுங்கற்ற நாற்கரத்திலோ நான்கு பக்கங்களையும் அளந்த பின்னும் பரப்பளவு பிடிபடுவதில்லை. ஏனெனில், பக்கங்களின் நீளம் மாறாமலேயே மூலைகள் விரிந்தோ சுருங்கியோ வடிவம் மாற இடமுண்டு. 13, 14, 9, 12 மீட்டர் என்று வரிசையாகப் பக்கங்கள் கொண்ட ஒரு மனையில், 13, 14 மீட்டர்ப் பக்கங்களுக்கு எதிரே செல்லும் மூலைவிட்டம் 15 மீட்டராக இருந்தால் அதன் பரப்பு 138 சதுர மீட்டர். அதே மூலைவிட்டம் 12 மீட்டராகச் சுருங்கினால் ஏறத்தாழ 122 சதுர மீட்டர்தான்.

எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரிகளைப் பெருக்கிப் பரப்பைக் காணும் குறுக்குவழி மிகப் பழையது. எகிப்தின் எட்ஃபு கோயிலில் நிலக்கொடைகளைக் குறிக்கும் கல்வெட்டுகளிலேயே அது காணப்படுகிறது. மேற்சொன்ன மனைக்கு அது 11 × 13, அதாவது 143 என்று விடை தருகிறது. மூலைவிட்டம் 15 மீட்டர் என்றால், மிகையாக வரும் 5 சதுர மீட்டர் சுமார் 54 சதுர அடி. மனை விலை ஏறிக்கிடக்கும் ஊரில் வழக்குக்கு அதுவே தாராளம். செவ்வகத்தைத் தவிர மற்ற எந்த நாற்கரத்திலும் இந்த முறை பரப்பைக் கூட்டியே காட்டும் என்பதால், அந்தப் பிழை எப்போதும் விற்பவருக்கும் வரி வாங்குபவருக்குமே சாதகமாக முடிகிறது. 628இல் பிரம்மகுப்தர் இதைத் தோராயம் என்றே குறித்து, நுட்பமான சூத்திரம் ஒன்றையும் தந்தார். ஆனால், நான்கு மூலைகளும் ஒரே வட்டத்தின் மீது அமையும் நாற்கரத்துக்கு மட்டுமே அது பொருந்தும்.

மூன்று பக்கங்கள் முடிவானால் வடிவமும் முடிவாகிவிடும் உறுதி முக்கோணத்துக்கு மட்டுமே உரியது. ஆகவேதான் சர்வேயர்கள் கோணல்மாணலான நிலத்தை மூலைவிட்டங்களால் முக்கோணங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் பரப்பையும் மூன்று பக்கங்களைக் கொண்டே கணக்கிடும் ஹெரான் சூத்திரத்தால் கண்டு கூட்டுகிறார்கள். ஓடையை ஒட்டி வளைந்து செல்லும் எல்லையில் முக்கோணமும் கைகொடுக்காது. அங்கே ஒரு நேர்க்கோட்டை அடிப்படையாக வைத்து, அதிலிருந்து ஒவ்வொரு வளைவுக்கும் செங்குத்துத் தொலைவை அளந்து, இடைப்பட்ட துண்டுகளைச் சரிவகங்களாகக் கருதிக் கூட்டுவார்கள். வளைவு மிகுந்த இடத்தில் இந்த அளவுகளை நெருக்கி எடுக்க எடுக்கப் பிழை குறையும். எவ்வளவு நெருக்குவது என்பதை நிலத்தின் மதிப்புதான் தீர்மானிக்கிறது.