முதுமையும் இரத்த அழுத்தமும்

முதுமையில் மனிதன் வேண்டுவது நீண்ட ஆயுளை மட்டுமன்று. தன் காரியங்களைத் தானே செய்துகொள்ளும் வலிமையையும் வேண்டுகிறான். என்னிடம் வரும் முதியோர் பலரும், "யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது" என்றே கூறுவர். இரத்த அழுத்தத்தை நாம் அந்த நோக்கத்தோடு பார்க்க வேண்டும். அது மிகுந்தால் பக்கவாதம் வரலாம். எழும்போது திடீரெனக் குறைந்தால் கீழே விழ நேரலாம். இரண்டுமே ஒருவரைப் பிறர் கையை எதிர்பார்க்கச் செய்வன.

கையில் பட்டை கட்டி அழுத்தத்தை அளக்கும் கருவியை இத்தாலிய மருத்துவர் ரீவா ரொச்சி 1896-இல் அமைத்தார். நெடுங்காலம் மருத்துவரிடமே இருந்த அந்த அளவை இன்று வீட்டிலேயே எடுத்துக்கொள்ளலாம். மருத்துவரைக் கண்டதுமே சிலருக்கு அழுத்தம் ஏறிவிடுவதால், வீட்டில் எடுத்த அளவுக்குத் தனி மதிப்பு உண்டு. மருத்துவமனையில் 140-க்கு 90 என்பது உயர்வின் எல்லையானால், வீட்டில் 135-க்கு 85 என்பதே எல்லை.

அளக்கும் முறை எளியது. அதற்கு முன் அரைமணி நேரம் காப்பியும் புகையும் வேண்டா. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் அமர வேண்டும். மேற்கையில் கட்டிய பட்டை நெஞ்சின் மட்டத்தில் இருக்கட்டும். காலையிலும் மாலையிலும், ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து, ஒரு வாரம் குறித்து வைக்கலாம். முதல் நாள் கணக்கை விட்டு, மற்றவற்றின் சராசரியைக் கொள்வர்.

முதியோர் மற்றொன்றும் செய்தல் நலம். அமர்ந்து அளந்த பின் எழுந்து நின்று, மூன்று நிமிடத்துக்குள் மீண்டும் அளக்க வேண்டும். அப்போது பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், அதை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். எழும்போது இரத்தம் கால்களில் தங்குகிறது. இளமையில் உடல் அதை உடனே சரிசெய்துவிடும், முதுமையில் சற்றுத் தாமதமாகும். சில மாத்திரைகளும் இதை மிகுவிக்கும். உண்டபின் தரையிலிருந்து எழுவோரும், இரவில் சிறுநீர் கழிக்க எழுவோரும் விழுவது பெரும்பாலும் இதனால்தான் என்று ஐயுற இடமுண்டு. படுக்கையின் ஓரத்தில் சிறிது அமர்ந்து, கால்களை அசைத்துப் பின் எழுவது நல்ல பழக்கம்.

ஆனால், ஒருநாள் கணக்கைக் கண்டு மருந்தைத் தாமே நிறுத்துவதும் கூட்டுவதும் தகா. 80 வயதைக் கடந்தோருக்கும் சிகிச்சை பயன் தரும் என்பதை 2008-இல் வெளியான பெரிய ஆய்வொன்று காட்டியது. ஆதலின் பிள்ளைகள், "வயதாகிவிட்டது, இனி என்ன?" என்று இருந்துவிடாமலும், அஞ்சிப் பெற்றோரை வீட்டிலேயே அடைத்து வைக்காமலும், குறிப்பேட்டோடு மருத்துவரிடம் அழைத்துச் செல்வார்களாக. கருவியை இயக்குவதும் கணக்கை எழுதுவதும் முதியவர் கையிலேயே இருக்கட்டும்.