உளுந்தில் நீலம் பறக்கிறதா? பழுப்பையும் பாருங்கள்

போன கார்த்திகையில் திருவண்ணாமலைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், சம்பா நெல்லுக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தார் ஒரு விவசாயி. என்ன பூச்சி என்று கேட்டேன். "சாயங்காலம் ஆனா பழுப்புப் பட்டாம்பூச்சியா பறக்குதுங்க. முட்டை வெச்சிட்டா என்ன பண்றது?" என்றார். வயலுக்குள் இறங்கிப் பார்த்தேன். அடிக்கத் தேவையே இருக்கவில்லை. ஆனால் வரப்பில் அவர் போட்டிருந்த காராமணியில் காய்க்குக் காய் துளை. அதற்குக் காரணமும் ஒரு பட்டாம்பூச்சிதான். அதை அவர் கவனிக்கவில்லை.

நெல் வயலில் அந்தி நேரம் தாழப் பறக்கும் பழுப்புப் பட்டாம்பூச்சி பெரியது. இறகை விரித்தால் 6 முதல் 8 செ.மீ. இருக்கும். பகலில் இறகை மூடிச் சருகோடு சருகாகக் கிடக்கும். மழைக்காலத்தில் வருவதற்கு இறகின் அடிப்பக்கம் கண் போன்ற வட்டங்கள் உண்டு. வறண்ட காலத்தில் அவை மங்கிவிடும். இரண்டும் ஒரே இனம்தான். புழு பச்சையாக, தலையில் இரண்டு கொம்போடு இருக்கும். இலை ஓரத்தைத் தின்னும். மகசூலைக் குறைக்கும் அளவுக்குப் பெருகுவது அரிது. ஒட்டுண்ணிக் குளவிகளே இதைப் பார்த்துக்கொள்ளும். இதற்கென்று மருந்து அடித்தால் குளவியோடு சிலந்தியும் செத்துப்போகும். பிறகு புகையான் வந்தால் தடுக்க வயலில் ஆள் இருக்காது.

பயறு வகைகளில் கதை வேறு. உளுந்து, காராமணி, மொச்சை, துவரை பூக்கும்போது சுமார் 3 செ.மீ. அகலமுள்ள நீலப் பட்டாம்பூச்சிகள் சுற்றும். நம் கண் நீலத்தின் மேல்தான் போகும். ஆனால் பளிச்சென்ற நீலம் ஆண். முட்டையிடும் பெண்ணின் மேல் இறகு பெரும்பாலும் பழுப்பு. நடுவில் மட்டும் கொஞ்சம் நீலம் தெரியும். எனவே மேல் நிறத்தை நம்பாதீர்கள். அது உட்கார்ந்து இறகை மூடியதும் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பின் இறகு முடிவில் மயிர் போன்ற சிறு வாலும், அதன் அருகே இரண்டு கரும்புள்ளிகளும் இருந்தால், உடனே பூமொட்டுகளைச் சோதியுங்கள்.

வால் இல்லாமல், இன்னும் சிறியதாக, தரையோடு பறக்கும் நீலங்களும் உண்டு. கிரிவலப் பாதை ஓரத்து நெருஞ்சியிலும் புல்லிலும் காலையில் நிறையப் பார்க்கலாம். நெருஞ்சி, குப்பைக்கீரை போன்றவைதான் இவற்றின் புழுவுக்குத் தீனி. உளுந்து வரப்பில் இவை பறப்பதைப் பார்த்துத் தெளிப்பானைத் தூக்க வேண்டாம்.

பயறு நீலத்தின் பெண் மொட்டில் ஒவ்வொன்றாக முட்டை வைக்கும். புழு வெளிர்பச்சையாக, தட்டையாக, ஓடில்லாத நத்தை போல இருக்கும். மொட்டைக் குடைந்து தின்றுவிட்டுக் காய்க்குள் போகும். இதைக் கண்டுபிடிக்க எறும்பைப் பின்தொடருங்கள். புழு சுரக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதையே சுற்றிக்கொண்டிருக்கும். அசுவினி இல்லாத பூங்கொத்தில் எறும்பு மொய்த்தால் மொட்டைப் பிரித்துப் பாருங்கள்.

காய்க்குள் போன புழுவை மருந்து எட்டாது. மொட்டுப் பருவத்திலேயே 5 சத வேப்பங்கொட்டைச் சாறு தெளிப்பது நல்லது. 5 கிலோ வேப்பம் பருப்பை இடித்து, 10 லிட்டர் நீரில் இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கி, சிறிது சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள். துளை விழுந்த காய்களை வரப்பில் வீசாமல் பறித்து அழியுங்கள். அதற்கு மேலும் சேதம் கூடினால், துளைத்த காயைக் கையோடு எடுத்துக்கொண்டு உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்துக்குப் போங்கள்.

மாதுளை, கொய்யா வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழம் துளைக்கும் பட்டாம்பூச்சியிலும் ஆண் ஊதா கலந்த நீலம். பெண் பழுப்பு, முன் இறகில் ஆரஞ்சுத் திட்டு. பெண்ணைக் கண்டதும் பிஞ்சுகளுக்கு உறை போட ஆரம்பித்துவிடுங்கள்.