அணைத்த உலைக்கும் மின்சாரம் வேண்டும்

அணு உலையைச் சில நொடிகளில் நிறுத்திவிடலாம்; அதைக் குளிர்விப்பதுதான் நீண்ட வேலை. கட்டுப்பாட்டுத் தண்டுகள் இறங்கி அணுப்பிளவு நின்ற பின்னும், பிளவில் பிறந்த கதிரியக்கப் பொருள்கள் தொடர்ந்து சிதைந்து வெப்பத்தை உமிழ்கின்றன. 'சிதைவு வெப்பம்' எனப்படும் இது, ஆயிரம் மெகாவாட் மின்சாரம் தரும் உலையில் நிறுத்திய கணத்தில் ஏறத்தாழ 200 மெகாவாட்டாகவும், ஒரு நாள் கழிந்த பின்னும் பத்து மெகாவாட்டுக்கு மேலாகவும் இருக்கும். இதை அகற்றும் பம்புகள் பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் மின்சாரத்தில் ஓடுவதால், சூரியப் புயலின் ஆபத்தை உலைக்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பியில்தான் தேட வேண்டியிருக்கிறது.

சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவிலிருந்து வீசியெறியப்படும் மின்னூட்டத் துகள் மேகம் பூமியை வந்து மோதும் சூரியப் புயலின்போது, புவியின் காந்தப்புலம் குலுங்கி நிலத்தில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அடியிலுள்ள பாறை அதற்கு எளிதில் வழிவிடாத இடங்களில், அது மின்மாற்றிகளின் எர்த் இணைப்பு வழியே உயரழுத்தப் பாதைகளில் ஏறிவிடுகிறது. மாறுதிசை மின்னோட்டத்திற்கென்றே செய்யப்பட்ட மின்மாற்றிக்குள், நிமிடக்கணக்கில் ஏறத்தாழ ஒரே திசையில் பாயும் இந்த ஓட்டம் புகுந்தால், இரும்பு உள்ளகம் தெவிட்டு நிலையை எட்டுகிறது. அதாவது, அதற்குமேல் காந்தத்தை ஏற்க இயலாமல் போக, வெளியே கசியும் காந்தப்புலம் செப்புச் சுருள்களையும் எண்ணெய்த் தொட்டியின் சுவரையும் சூடேற்றுகிறது.

கனடாவின் கியூபெக் மாகாணம் மின்சாரத்தை எளிதில் கடத்தாத தொன்மையான பாறைப் பரப்பின்மீது அமைந்திருக்கிறது. 1989 மார்ச் 13 அதிகாலை 2.44 மணியளவில், ஒரு சூரியப் புயலின் தாக்கத்தில், அங்கே மின்னழுத்தத்தைச் சீராக வைத்திருந்த ஏழு கருவிகள் ஒரு நிமிடத்திற்குள் அடுத்தடுத்து நின்றுபோக, வடக்கிலுள்ள நீர்மின் நிலையங்களிலிருந்து வரும் 735 கிலோவோல்ட் பாதைகள் துண்டிக்கப்பட்டு, ஒன்றரை நிமிடத்தில் மின்தொகுப்பு முழுவதும் சரிந்தது. அறுபது லட்சம் மக்கள் மின்சாரத்தை இழந்தனர், பெரும்பகுதி மீள ஒன்பது மணி நேரம் ஆயிற்று.

அதே புயலில், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்துச் சேலம் அணுமின் நிலையத்தில் (நம் ஊர்ச் சேலத்தோடு தொடர்பில்லாத பெயர்) ஒரு பெரிய மின்மாற்றியின் சுருள்கள் வெந்து கருகின. உலைக்குச் சேதமில்லை. கட்டுமானம் கைவிடப்பட்ட வேறோர் அணுமின் திட்டத்திற்காகச் செய்யப்பட்டிருந்த மின்மாற்றி தற்செயலாகக் கிடைத்ததால், சுமார் ஆறு வாரங்களில் நிலைமை சீரானது. இந்தத் தற்செயல்தான் கவலைக்குரியது. நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள இத்தகைய மின்மாற்றியைப் புதிதாகச் செய்து வாங்க ஓராண்டுக்கும் மேலாகலாம் என்றிருக்க, ஒரே இரவில் பல மின்மாற்றிகள் பழுதானால் மாற்று எங்கிருந்து வரும்?

வெளி மின்சாரம் நின்றால் டீசல் ஜெனரேட்டர்கள் கைகொடுக்கும். 2011இல் ஃபுகுஷிமாவில் நிலநடுக்கம் வெளி மின்சாரத்தை அறுக்க, ஆழிப்பேரலை ஜெனரேட்டர்களை மூழ்கடித்ததால் மூன்று உலைகளின் எரிபொருள் உருகியது. சூரியப் புயல் ஜெனரேட்டரை மூழ்கடிக்காது. ஆனால் அமெரிக்க நிலையங்கள் பொதுவாக ஏழு நாளுக்கான டீசலையே இருப்பில் வைத்திருக்கின்றன, பரந்த நிலப்பரப்பே இருண்டு கிடக்கையில் எட்டாம் நாளுக்கான லாரி வந்துசேரும் என்பதற்கு உறுதியில்லை. 1859 செப்டம்பரில் தந்தி நிலையங்களில் தீப்பொறி பறக்கவைத்த புயல் 1989ஐ விடப் பெரியதாகவே கணிக்கப்படுகிறது. அதற்கு நிகரான ஒன்று 2012 ஜூலை 23 அன்று சூரியனிலிருந்து புறப்பட்டு, பூமி இல்லாத திசையில் சென்றது.

பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் காவலிருக்கும் விண்கலங்கள், மேகம் தம்மைக் கடந்த பின் ஒரு மணி நேரத்திற்கும் குறைவான அவகாசமே தருகின்றன. சுமையைக் குறைக்க அது போதும், டீசல் சேர்க்கப் போதாது. ஆகவே கூடுதல் டீசலையும் மாற்று மின்மாற்றிகளையும் முன்கூட்டியே வைத்திருப்பதோடு, நீர்த்தொட்டிகளில் போதிய அளவு ஆறிவிட்ட, உலையில் பயன்படுத்தி முடித்த அணு எரிபொருளை எஃகும் கான்கிரீட்டும் கொண்ட உலர் கொள்கலன்களுக்கு மாற்றுவதும் அவசரப் பணியாகிறது. அவற்றைச் சுற்றி இயல்பாக எழும் காற்றோட்டமே வெப்பத்தை எடுத்துச் செல்வதால், அங்கே பம்புக்கும் டீசலுக்கும் தேவையில்லை.