உடல் பருமனும் வாய் நாற்றமும்

மிஸ்வாக் செய்தும், பல் துலக்கியும் வாய் நாற்றம் போகவில்லை என்று கூச்சப்பட்டு, ஜமாஅத் தொழுகையில் ஓரமாக ஒதுங்கி நிற்பவர்கள் நம்மில் உண்டு. அவர்கள் உடல் எடை கூடியவர்களாக இருந்தால், வாயை மட்டும் சுத்தம் செய்வது போதாது.

நாற்றம் பெரும்பாலும் வாயில்தான் உருவாகிறது. நாக்கின் பின்பகுதியிலும் ஈறு இடுக்குகளிலும் தங்கும் பாக்டீரியாக்கள் கந்தக வாயுக்களை வெளியிடுகின்றன. உமிழ்நீர்தான் அவற்றைக் கழுவிக்கொண்டிருக்கிறது. கழுத்தைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்தால் மூச்சுப்பாதை குறுகும், குறட்டை வரும். இரவெல்லாம் வாய் வழியே மூச்சுவிட, உமிழ்நீர் வற்றிவிடும். காலையில் நாற்றம் கடுமையாக இருப்பது இதனால்தான். கூடவே சர்க்கரை நோயும் இருந்தால் ஈறு நோய் எளிதில் பிடித்துக்கொள்ளும்.

நாமோ ஏலக்காயையும் கிராம்பையும் மென்று மறைத்துவிடுகிறோம்! தினமும் நாக்கை வழிப்பதோடு, ஈறுகளைப் பல் மருத்துவரிடம் காட்டி, இரத்தச் சர்க்கரையையும் பரிசோதிக்க வேண்டும். குறட்டையை வீட்டார் கேலி செய்யாமல் மருத்துவரிடம் சொல்வது நல்லது.

எடையைக் குறைக்கிறேன் என்று சோறு, ரொட்டியை அறவே விட்டவர்களின் மூச்சில் கீட்டோன் வாடை வரும், அது வேறு. ஆனால் சர்க்கரை நோயாளியின் மூச்சில் அழுகிய பழ வாடையும், வாந்தியும், மூச்சிரைப்பும் சேர்ந்து வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.