முள் நடுவில் நின்றது, விமானம் கடலை நோக்கி இறங்கியது

2000-ம் ஆண்டு ஜூலை 29, இரவு நேரம். ஆக்லாந்திலிருந்து 176 பேருடன் கிளம்பிய ஏர் நியூசிலாந்தின் போயிங் 767 விமானம், பசிபிக் தீவு நாடான சமோவாவின் ஃபலேயோலோ விமான நிலையத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. கீழே கடலும் கும்மிருட்டும். இறங்கும் உயரம் சரிதானா என்று காட்டும் முள், அசையாமல் நடுவில் நின்றது. எச்சரிக்கைக் கொடி எதுவும் விழவில்லை. ஆனால் விமானம் இறங்கிக்கொண்டிருந்தது ஓடுபாதையை நோக்கி அல்ல. அதற்கு ஐந்தரை மைலுக்கும் முன்பாகக் கிடந்த கடலை நோக்கி.

கருவி பழுதாகிவிட்டது என்று தெரிந்தால் விமானிகள் சமாளித்துவிடுவார்கள், அதற்குத்தான் அத்தனை பயிற்சி. பழுதான கருவி ‘எல்லாம் சரி’ என்று சொல்லும்போதுதான் ஆபத்து. சமோவாவில் நடந்தது அதுதான்.

இரவிலும் மேகத்திலும் விமானத்தைத் தரைக்கு அழைத்துவரும் ஏற்பாட்டுக்கு ஐ.எல்.எஸ். என்று பெயர். ஓடுபாதை அருகிலிருந்து இரண்டு வானொலிக் கற்றைகள் கிளம்பும். ஒன்று இடம், வலம் காட்டும். ‘க்ளைட் ஸ்லோப்’ எனப்படும் மற்றது, சுமார் 3 டிகிரி சரிவில் இறங்க வழிகாட்டும். அந்தக் கற்றையில் 90 ஹெர்ட்ஸ், 150 ஹெர்ட்ஸ் என இரண்டு ஒலிகள் கலந்திருக்கும். விமானம் மேலே போனால் முதலாவது ஓங்கும், கீழே போனால் இரண்டாவது. இரண்டும் சமமானால் முள் நடுவில் நிற்கும். விமானத்தில் உள்ள கருவி பார்ப்பது இந்த வித்தியாசத்தை மட்டும்தான்.

ஃபலேயோலோவில் கட்டுமானப் பணிக்காகத் தோண்டியபோது கேபிள் ஒன்று சேதமடைந்திருந்தது. அதனால், கருவியின் நிலை கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. வழக்கமாக, அலை கொஞ்சம் பிசகினாலும் கண்காணிப்பு அமைப்பு டிரான்ஸ்மிட்டரைத் தானாக நிறுத்திவிடும். அந்தப் பாதுகாப்பும் விலக்கிவைக்கப்பட்ட நிலையிலேயே விடப்பட்டிருந்தது. அன்றிரவு வந்த அலையில் மேல், கீழ் வித்தியாசமே இல்லை. வித்தியாசம் பூஜ்யம் என்றால் முள் நடுவில்தானே நிற்கும்? விமானம் எந்த உயரத்தில் பறந்தாலும் அது அங்கேயேதான் நின்றிருக்கும்.

தரை நெருங்குவதைச் சொல்லும் பழைய வகை எச்சரிக்கைக் கருவியையும் இந்த இடத்தில் நம்ப முடியாது. சக்கரங்கள் இறங்கி, இறக்கை மடிப்புகள் விரிந்து, முள்ளும் நடுவில் நின்றால் முறையான தரையிறக்கம் என்றே அது எடுத்துக்கொள்ளும்.

காப்பாற்றியது ஒரு எளிய கணக்கு. 3 டிகிரிச் சரிவில், ஒரு கடல் மைலுக்கு ஏறத்தாழ 300 அடி உயரம் இருக்க வேண்டும். ஆறு மைல் தூரம் மிச்சமிருந்தால் 1,800 அடிக்குக் குறையக் கூடாது. தூரம் காட்டும் கருவி சொன்னதும் உயரமானி சொன்னதும் அன்று ஒத்துப்போகவில்லை. வெளியே தெரிந்த விளக்குகளும் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. விமானிகள் முள்ளை நம்புவதை விட்டார்கள். என்ஜின்களுக்கு முழுவேகம் கொடுத்து விமானத்தை மேலே தூக்கினார்கள். அப்போது அது கடலிலிருந்து 400 அடிக்கும் கீழே வந்திருந்தது. பிறகு க்ளைட் ஸ்லோப்பைக் கணக்கில் கொள்ளாமல் மறுபடி வந்து பத்திரமாக இறங்கினார்கள். ஒருவருக்கும் காயமில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன், 1997 ஆகஸ்ட் 6 அன்று, குவாம் தீவில் அப்படி நடக்கவில்லை. அங்கே க்ளைட் ஸ்லோப் இயங்கவில்லை என்ற அறிவிப்பு முன்பே வந்திருந்தது. அப்படியிருந்தும், மழை இரவில் இறங்கிக்கொண்டிருந்த கொரியன் ஏர் 801-ன் விமானி அறையில், அது வேலை செய்கிறதா இல்லையா என்ற குழப்பம் கடைசிவரை தீரவில்லை. தூரம் காட்டும் நிலையமும் விமான நிலையத்தில் இல்லை, மூன்று மைலுக்கு மேல் தள்ளி நிமிட்ஸ் குன்றில் இருந்தது. தாழப் பறக்கும் விமானத்தைக் கண்டு எச்சரிக்க வேண்டிய தரை ரேடார் ஏற்பாடும் அங்கே முடக்கிவைக்கப்பட்டிருந்தது. திரும்ப மேலே ஏறலாம் என்று துணை விமானி சொன்னபோது மோதலுக்குச் சில நொடிகளே இருந்தன. அந்தக் குன்றிலேயே மோதி 228 பேர் இறந்தார்கள். கேப்டனின் களைப்பையும், உடனிருந்தவர்கள் அவரைச் சரிபார்க்கத் தவறியதையும் அமெரிக்க விசாரணை வாரியம் காரணமாகக் குறித்தது. என்னை மிகவும் வருத்துவது அந்த இரண்டாவது காரணம். மூத்தவரை இடைமறித்துச் சொல்லத் தயங்கும் பழக்கம் விமானி அறைக்குள் நுழையவே கூடாது.

சமோவா சம்பவத்தை ஏர் நியூசிலாந்து மூடி மறைக்கவில்லை. ‘ஒரு இலவசப் பாடம்’ என்ற பெயரில் பயிற்சிப் படமாகவே எடுத்து மற்ற நிறுவனங்களும் பார்க்கச் செய்தது. விமானிகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருந்தால் இந்தப் பாடம் யாருக்கும் கிடைத்திருக்காது. நம் நாட்டு விமான நிறுவனங்களும் இதே வழியில் நடக்க வேண்டும்.

பயணிகளிடமும் ஒரு வேண்டுகோள். ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்த பிறகு விமானம் திடீரென்று மேலே ஏறினால் பதறாதீர்கள், தாமதத்துக்காக ஊழியர்களிடம் கோபப்படாதீர்கள். இறங்குவது சரியில்லை என்று விமானி முடிவெடுத்திருக்கிறார். அந்த முடிவை எடுக்க அவருக்குத் தயக்கமே வரக் கூடாது.