அடக்கி வைத்த வேதனையும் ஆறும்

ஊரை விட்டு வந்தபோது எதையெல்லாம் இழந்தோம் என்று யாராவது கேட்டால், வயல், கிணறு, மாடு, வீடு என்று எண்ணிச் சொல்லிவிடுகிறோம். ஆனால் சிறு வயதில் தம் உடலுக்கும் உள்ளத்துக்கும் நேர்ந்த கொடுமையை ஐம்பது வயதிலும் சொல்லாதவர்கள் நம் நடுவில் இருக்கிறார்கள். தெஹிவளையில் ஒரே அறைக்குள் குடும்பமே முடங்கிய நாட்களிலோ, முகாமின் நெருக்கத்திலோ, உறவினர் வீட்டில் தங்கிப் படித்த காலத்திலோ அது நடந்திருக்கலாம். சொந்த வீட்டிலும் நடந்திருக்கலாம். ஆண்பிள்ளைகளுக்கும் இது நேர்கிறது. செய்தவர் பெரும்பாலும் பிள்ளை நம்பிய ஒருவரே.

வடக்கு, கிழக்கில் 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளிடம் நடத்திய ஓர் ஆய்வு 2008இல் வெளியானது. போரின் அனுபவமும் தகப்பனின் குடிப்பழக்கமும் வீட்டுக்குள் பிள்ளைகள் படும் துன்பத்தோடு தொடர்புடையவை என்று அது காட்டியது. வெளியே நடந்த போர் வீட்டுக்குள்ளும் புகுந்துவிட்டது.

சொல்லாத வேதனை மறைந்துவிடுவதில்லை. தூக்கமின்மை, திடுக்கிட்டு விழித்தல், காரணம் தெரியாத கோபம், குடி, மருந்துக்கு அடங்காத உடல்வலி என்று வேறு வழியால் வெளிப்படும். எல்லாவற்றிலும் கொடியது, "என்னில்தான் பிழை" என்ற எண்ணம். பிள்ளையில் ஒரு பிழையும் இல்லை.

இதற்கு உளவளத்துணை உதவும். ஒரு முறையில், கயிறு ஒன்றை நிலத்தில் விரித்து அதைத் தன் வாழ்க்கையாகக் கொள்வார்கள். நல்ல நிகழ்வுகளுக்குப் பூவும் கொடிய நிகழ்வுகளுக்குக் கல்லும் வைத்து, நடந்ததை ஒழுங்காகச் சொல்லிச் செல்வார்கள். சுனாமிக்குப் பின் வடகிழக்கில் 31 பிள்ளைகளுக்கு உள்ளூர்த் துணையாளர்களே ஆறு அமர்வுகள் நடத்தினார்கள். ஒரு பகுதியினருக்கு இந்த முறை. மற்றவர்களுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். ஆறு மாதங்களின் பின் இரு பகுதியிலும் பெரும்பாலானோர் தேறியிருந்தனர். நெடுநாள் கொடுமைக்கு உள்ளானவருக்கு அதிக காலம் தேவைப்படலாம்.

கண்ணிவெடி உள்ள காணியில் நாம் உடனே ஏர் பூட்டுவதில்லை. பயிற்சி பெற்றவர் அடி அடியாகத் தேடி அகற்றிய பிறகே விதைக்கிறோம். மனமும் அப்படித்தான். ஒரே நாளில் எல்லாவற்றையும் கிளறும்படி எவரையும் வற்புறுத்தக் கூடாது. "மன்னித்து மறந்துவிடு" என்று முதலிலேயே சொல்வதும் தவறு. அது காயப்பட்டவர் மீது இன்னொரு சுமை. பாவசங்கீர்த்தனத் தொட்டியும் சிகிச்சைக்கு ஈடாகாது. பாவம் செய்தவர் அவரல்லவே!

தெஹிவளையில் இருப்பவர்களுக்கு அருகிலேயே களுபோவில போதனா வைத்தியசாலை உண்டு. அங்கே மனநலப் பிரிவில் இலவசமாகக் காட்டலாம். தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம் 1926. இன்று துன்பப்படும் பிள்ளைக்காக, 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையை 1929 இலக்கத்தில் அழைக்கலாம். சிறுவர் மீதான கொடுமையை 1995ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் தனிக் குற்றமாக்கியது. செய்தவர் உறவினரானாலும் குருவானவரானாலும் ஆசிரியரானாலும் குற்றம் குற்றமே.

பெற்றோரே, உங்கள் பிள்ளை வந்து சொன்னால் முதலில் நம்புங்கள். அடிக்காதீர்கள்; குடும்ப மானம் என்று மூடாதீர்கள். "நீ சொன்னது நல்லது, இது உன் பிழையல்ல" என்று சொல்லுங்கள். பிள்ளை ஆறுவதற்கான முதல் படி அந்தச் சொல்தான்.