நெஞ்சை அடைக்கிறதா? ஓமத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம்!

கல்யாண வீட்டில் மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு வந்து, "வயிறு கல்லு மாதிரி இருக்கு"ன்னு புரள்கிறீர்களா? அஞ்சறைப் பெட்டியில் இருக்கிறதே ஓமம், அது போதும். ஓமப்பொடியில் ஓமத்தைச் சேர்ப்பது வெறும் வாசனைக்காக அல்ல. கடலை மாவு வாயுவைக் கிளப்பும்; ஓமம் அதைக் கலைக்கும்.

கார்ப்புச் சுவையும் வெப்பத் தன்மையும் உள்ள ஓமம், மந்தப்பட்ட பசியைத் தூண்டும் என்கிறது சித்த மருத்துவம். அதைக் கசக்கி முகர்ந்தால் 'குப்'பென்று ஒரு வாசனை வருகிறதல்லவா? தைமால் என்கிற பொருளின் வாசனை அது. மருந்தே அதில்தான் இருக்கிறது. நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? ஓமத்தைத் திறந்த பாத்திரத்தில் போட்டுக் கொதி கொதியென்று கொதிக்கவிடுகிறோம். தெரு முழுக்க மணக்கும். டம்ளரில் ஒன்றும் மிஞ்சாது!

ஒரு டீஸ்பூன் ஓமத்தை வெறும் வாணலியில் லேசாக வறுத்து, ஒன்றிரண்டாகத் தட்டிக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, ஓமத்தைப் போட்டு மூடிவிடுங்கள். பத்து நிமிஷம் கழித்து வடிகட்டி, பாதி டம்ளர் இளஞ்சூடாகக் குடியுங்கள். அல்சர், நெஞ்செரிச்சல் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதைத் தவிர்க்க வேண்டும். கைக்குழந்தைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே. ஓமத் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

இனி முக்கியமான விஷயம். சர்க்கரை வியாதி உள்ள ஒருவர், வயது 58. ராத்திரி நெஞ்சடைப்பு. "வாயுதான்" என்று இரண்டு தடவை ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு, விடிந்ததும் என்னிடம் வந்தார். சட்டையெல்லாம் வியர்வை. நாடி பார்த்த கையோடு, இ.சி.ஜி. வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். மாரடைப்பு! பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த ராத்திரி வீணானதில் இதயத் தசையில் ஒரு பகுதி செத்துப்போயிருந்தது. இன்றைக்கும் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது அவருக்கு.

நெஞ்சு இறுக்கத்தோடு வியர்வை, மூச்சுத் திணறல், இடது கையிலோ தாடையிலோ வலி இருந்தால் அதை வாயு என்று நீங்களே தீர்மானிக்காதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல், குமட்டலும் அசதியுமாகக்கூட மாரடைப்பு வரலாம். ஏப்பம் விட்டதும் லேசானதுபோல இருந்தாலும் நம்ப வேண்டாம். உடனே 108-க்குப் போன் செய்யுங்கள்.